சூசையப்பர் சாய்ந்த பக்கம்

கல்மேட்டுச் சூசையப்பர் வலது பக்கம் சாய ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. கோயிலுக்குள் பீடத்தில் நிற்கும்போது நேராகத்தான் நிற்பார். மே மாதம் முதல் தேதி, திருவிழாச் சாயங்காலம், சப்பரத்தில் ஏற்றி நான்கு பேர் தோளுக்குத் தூக்கினால் போதும். பக்கத்து வீட்டுச் சண்டையைக் காது கொடுத்துக் கேட்பவர்போல மெல்ல வலது பக்கம் சரிவார்.

முதல் வருடம் காற்று என்றார்கள். கோடைக் காற்று கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து அடிக்கத்தான் செய்தது. அடுத்த வருடம் தூக்கும் தண்டு வளைந்துவிட்டது என்றார்கள். அதற்கும் அடுத்த வருடம்தான் கீழத்தெருச் செல்லமுத்து கூட்டத்தின் நடுவில் நின்று உரக்கச் சொன்னார்.

"காத்தும் இல்ல, தண்டும் இல்ல. சாமி எங்க தெருவப் பாத்து சாயுறாரு. கீழத்தெருவுக்கு வரணும்னு கேக்குறாரு. ஒங்களுக்குத்தான் புரியல."

தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் கல்மேடு. மேலத்தெருவில் கிறிஸ்தவக் குடும்பங்கள், கீழத்தெருவில் பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். இரண்டு தெருவிலும் கரும்பும் மரவள்ளியும்தான் பிழைப்பு. சப்பரம் எப்போதும் மேலத்தெருவைச் சுற்றிவிட்டு, கீழத்தெரு முக்கில் பேருக்கு நின்று திரும்பிவிடும். செல்லமுத்து சொன்ன பிறகு யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. சாமியே கேட்கும்போது யார் குறுக்கே நிற்பது? பங்குச் சாமியார் புதியவர், சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அந்த வருடத்திலிருந்து சப்பரம் முதலில் கீழத்தெருவுக்குள் போனது. வாசலெல்லாம் கோலம், தேங்காய், ஊதுவத்தி என்று அந்தத் தெரு தன் வீட்டுக் கல்யாணம்போல அதைக் கொண்டாடியது.

இதில் எல்லாரையும்விடப் பெருமைப்பட்டவர் ஆசீர்வாதம். முன் வலது தோள் அவருடையது. கல்யாணம் ஆன வருடம் பிடித்த தண்டு, இப்போது வயது அறுபத்தாறு. இளவயதில் கரும்பு லோடு ஏற்றும் கூலி. கரும்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பலகையில் ஏறி லாரிக்குள் போடுவார். பிறகு ஒரு ஏக்கர் வாங்கித் தானே கரும்பு போட்டார். சூசையப்பரும் தச்சு வேலைக்காரர், நானும் வேலைக்காரன் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

"சாமி தெருவப் பாத்து சாயல. என் தோள்ல சாஞ்சிக்கறாரு. நாள் பூரா நின்னா அவருக்கும் அலுப்பு இருக்காதா?" என்பார். கேட்டவர்கள் சிரித்தாலும் அவர் சிரிக்கமாட்டார்.

போன திருவிழாவில் தண்டு ஒன்று கட்டுக்குப் பக்கத்தில் விரிசல் விட்டது. அதனால் இந்த வருடம் வெள்ளிமலையிலிருந்து புதிதாகக் கல் மூங்கில் வந்தது. கொண்டுவந்தவன் ராபின், ஆசீர்வாதத்தின் தங்கை மகன். லோடு வேன் வைத்து மரவள்ளி ஏற்றி ஆத்தூருக்கு ஓட்டுகிறவன். சப்பரத்தின் முன் இடது தோள் அவனுடையது. பத்து வருடத்துக்கு முன்னால் மாமாவின் உயரத்துக்குச் சரியாக இருக்கிறான் என்றுதான் அவனைச் சேர்த்தார்கள்.

புது மூங்கில் என்பதால் திருவிழாவுக்கு முந்தின வாரம், சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை பார்த்தார்கள். சூசையப்பர் சுரூபத்தை எடுக்கவில்லை. அந்த எடைக்கு மணல் மூட்டைகளைச் சப்பரத்தில் அடுக்கி, நால்வரும் தூக்கிக் கோயிலை ஒரு சுற்று வந்தார்கள். ஜெபமாலைக்கு வந்த பெண்களும், தெருவுக்குச் சீரியல் பல்பு கட்டுவது பற்றிப் பேச வந்த செல்லமுத்துவும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணல் மூட்டைகள் வலது பக்கம் சாய்ந்தன. எப்போதையும்விட நன்றாகவே சாய்ந்தன.

பின்னால் தூக்கிய அமல் தியாகதுருகத்தில் எலெக்ட்ரிக் கடையில் வேலை செய்கிறவன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் யோசிப்பான்.

"இன்னாபா இது? மணல் மூட்டையுமா கீழத்தெருவுக்குப் போவணும்னு கேக்குது?"

பெண்கள் பக்கம் முதலில் ஒரு சிரிப்பு வந்து, உடனே நின்றுபோனது. சப்பரத்தை இறக்கினார்கள்.

"மூங்கில்ல கோணல் இருக்குது," என்றார் ஆசீர்வாதம்.

"மூங்கில் நூல் புடிச்சாப்ல இருக்குது பெரிப்பா. நாலு பேரும் செவுத்தோட ஒட்டி நில்லுங்க, பாத்துடலாம்," என்றான் அமல்.

நால்வரும் கோயில் சுவரில் முதுகை ஒட்டி நின்றார்கள். மூன்று தலை ஒரே மட்டமாக இருந்தது. ஆசீர்வாதத்தின் தலை ராபினின் காதுக்கு வந்தது. அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். குதிகாலைக்கூடக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். அதை எல்லாரும் பார்த்தார்கள்.

"ராபின் வளந்துட்டான்," என்றார்.

"மாமா, எனக்கு நாப்பது வயசு. இனிமே வளர்றதுக்கு நான் இன்னா முருங்க மரமாங்க?" என்றான் ராபின். மாமாவைக் காப்பாற்றத்தான் வேடிக்கையாகச் சொன்னான். அது வேறு மாதிரி விழுந்துவிட்டது. ஆசீர்வாதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் நடந்துவிட்டார்.

வீட்டில் ஆனந்தமேரி களி கிண்டிக்கொண்டிருந்தாள். சப்பரம் தூக்குகிறவர்கள் திருவிழா முடியும்வரை ஒருசந்தி இருப்பது கல்மேட்டு வழக்கம். கவிச்சி இல்லை, ஒரு வேளைதான் சாப்பாடு. கேழ்வரகுக் களியும் புளிச்சக்கீரைக் கடைசலும் அன்றைய ஒரே வேளை. அவர் வந்து உட்கார்ந்த தோரணையிலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தட்டை வைத்தாள்.

"வாணாம்."

"ஒரு வேளதான் இருக்குது. அதயும் வாணான்னா நாளைக்கு வரப்புல வுழுந்து கெடப்ப. சாப்புடு."

"அமலுக்கு வாய் ஜாஸ்தி ஆயிடுச்சி. எல்லார் எதுருலயும் செவுத்துல நிக்க வெச்சி அளவு எடுக்கறான். நான் இன்னா போலீஸ் வேலைக்கா போறன்?"

"அளந்தா இன்னா ஆச்சாம்?"

"நான் குள்ளமா பூட்டன்னு சொல்றானுங்க."

ஆனந்தமேரி களி உருண்டையின் நடுவில் விரலால் குழி பண்ணிக் கடைசலை ஊற்றினாள்.

"நீ இன்னா ஒண்ணும் சொல்ல மாட்டன்ற?"

"இன்னா சொல்றது? பூட்டதான்."

"மேரி!"

"கத்தாத. ஒன் வேட்டிய முந்தியெல்லாம் கீழ படாம கட்டுவ. இப்ப வருசம் பூரா கர சேறாவுது. தொவைக்கறவளுக்குத் தெரியாதா? சட்டக் கை மணிக்கட்டத் தாண்டி தொங்குது. டெய்லரு தப்பா தச்சிட்டான்னு அவன்கிட்டப் போயி சண்ட புடிச்சியே, பாவம்."

"அவன் தப்பாதான் தச்சான்."

"சரி வுடு. திருவிழாவுக்குத் தோளுக்குப் போட துண்டு மடிச்சி குடுக்கறனே, அது எதுக்குன்னு நெனச்ச?"

"தண்டு அழுத்தாம இருக்கறதுக்கு."

"மொதல்ல ஒரு மடிப்பு. அப்பால ரெண்டு. போன வருசம் உள்ள கோணிப்பைத் துண்டு வெச்சி தச்சே குடுத்தன். அப்பவும் சாமி சாஞ்சாரு. இன்னிக்கி ஒத்திகதானன்னு துண்டு குடுக்காம வுட்டுட்டன். அது என் தப்புதான்."

ஆசீர்வாதம் அவளைப் பார்த்தார். ஊரே ஒரு பக்கம் சிரித்தாலும் தாங்கிக்கொள்ளலாம். இவள் இத்தனை வருடமாகத் தெரிந்துகொண்டே மடித்து மடித்துக் கொடுத்திருக்கிறாள். அவருக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. எதைக் காட்டுவது என்று தெரியாமல் களியைச் சாப்பிட்டார்.

"தெரிஞ்சிம் ஏன் சொல்லல?"

"சொன்னா வுட்டுடுவியா?"

"வுட மாட்டன்."

"அதான் சொல்லல," என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "எனக்கு மட்டும் இன்னாவாம்? ஊசில நூல் கோக்கணும்னா தெருவுல போற பொண்ணுங்களக் கூப்புடறன். பல்லு ரெண்டு ஆடுது. நான் யாருகிட்டப் போயி சண்ட போட்டன்? கடைசல் இன்னும் ஊத்தட்டா?" என்று கேட்டாள்.

"ஊத்து," என்றார்.

மறுநாள் விடிந்ததும் மும்முனைக் கரண்டு வந்தது. ஆசீர்வாதம் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கரும்புக்குத் தண்ணீர் திருப்பினார். கோடை வெயில் ஏறுவதற்குள் கடைசிப் பாத்திவரை பாய வேண்டும். மடையை வெட்டி ஒரு பாத்திக்கு விடுவதும், மண்ணை இழுத்து அடைப்பதும், அடுத்ததை வெட்டுவதுமாக வேலை ஓடியது. மண்வெட்டி கையில் இருந்தால் அவருக்கு வயது நினைவு வராது. குனிந்து நிமிரும்போது இடுப்பு மட்டும் ஞாபகப்படுத்தும். அதற்கு அவர் பழகிவிட்டார்.

வரப்பில் செல்லமுத்து வந்தார். வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்.

"ராத்திரி தூக்கம் வர்ல ஆசீர்வாதம்."

"எனக்குதான் வரக் கூடாது. ஒனக்கு இன்னா?"

"எனக்கு இன்னாவா? தெருவுல மூங்கில் நட்டு பந்தல் போட்டாச்சி. சீரியல் பல்புக்குச் சொல்லியாச்சி. பொம்பளைங்க கோலத்துக்குக் கலர் பொடி வாங்கி வெச்சிட்டாங்க. நீ தண்ட வுட்டுட்டா சாமி நேரா பூடுவாரு. நேரா பூட்டா மறுபடியும் முக்குல நின்னு திரும்பிடுவாங்க."

ஆசீர்வாதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடப்பாவி. சாமி கேக்குறாருன்னு சொன்னவன் நீதான?"

"சொன்னன். நெசமாதான் நெனச்சி சொன்னன். இப்பதான தெரியுது சாஞ்சது நீன்னு. பரவால்ல. நான் ஒரு வழி சொல்றன் கேளு. கள்ளக்குறிச்சில பஞ்சு மெத்தைக் கடையில நல்ல கெட்டியான ஸ்பாஞ்சு விக்கறான். தோளுக்கு அளவா வெட்டி சட்டைக்குள்ள தச்சிக்க. பாதி மட்டம் ஆயிடும். பாதி சாயட்டும். ஒன் தோளும் நெலைக்கும், என் தெருவும் நெலைக்கும்."

கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அவர் மடையை அடைக்க மறந்து நின்றார். தண்ணீர் வரப்பேறிப் போனது. ஸ்பாஞ்சு வைத்தால் இன்னும் இரண்டு மூன்று திருவிழா ஓட்டலாம். யாருக்கு என்ன நஷ்டம்? செல்லமுத்து போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். சரி என்றே முடிவு செய்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ராபின் மோட்டார்த் தொட்டியில் குளிக்க வந்தான். ஆத்தூர் லோடு போவதற்கு முன் மாமாவின் தொட்டியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போவது அவன் வழக்கம். மாமா கரும்புக்குள் இருப்பது தெரியாமல் சட்டையைக் கழற்றிக் கல்லில் போட்டான். குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரில் தோளைக் காட்டியவன், ஸ் என்று இழுத்துக்கொண்டான்.

தோள் கன்றிப்போய்க் கருநீலமாக இருந்தது. அதற்கடியில் பழைய காய்ப்பு ஒன்றும் தடித்துக்கிடந்தது.

ஆசீர்வாதம் கரும்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். "ராபினு, இன்னாடா அது?"

அவன் அவசரமாகத் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டான். "வண்டியில மூட்ட ஏத்தனதுங்க மாமா."

"மரவள்ளிய லோடுமேனுங்க ஏத்தறாங்க. நீ ஸ்டேரிங் புடிக்கற. என்கிட்டயே கத வுடாத. துண்ட எடு."

அவன் எடுத்தான்.

"எத்தினி வருசமா இருக்குது?"

"திருவிழா முடிஞ்சா ஒரு வாரம் இருக்கும். அப்பால பூடும். அது ஒண்ணும் இல்ல மாமா. நீங்க வுடாதீங்க. நான் கொஞ்சம் முட்டிய மடிச்சி நடந்தா சரியா பூடும். போன வருசம் பாதி தூரம் அப்டிதான் வந்தன்."

ஆசீர்வாதம் தன் சட்டையை விலக்கித் தன் தோளைப் பார்த்தார். ஒத்திகை முடிந்த மறுநாள் அது. அவர் தோளில் ஒரு சிவப்புக்கூட இல்லை.

இதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு சுமையை நாலு பேர் சேர்த்துத் தூக்கினால், குள்ளமானவன் தோளில் கம்மி, நெட்டையானவன் தோளில் ஜாஸ்தி. கரும்பு லோடு ஏற்றின காலத்தில் இதற்காகவே ஆட்களிடம் அவர் சண்டை போட்டிருக்கிறார். உயரம் பார்த்து ஜோடி சேராதவனைக் கட்டைத் தொடவே விடமாட்டார். அவ்வளவு தெரிந்தவருக்குத் தன் விஷயத்தில் மட்டும் அது தோன்றவே இல்லை. சாமி தன் தோளில் சாய்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, தன் பாரத்தைத் தங்கை மகன் தோளில் ஏற்றியிருக்கிறார். சாமியின் பெயரால் சும்மா நடந்து வந்திருக்கிறார்.

அவர் சட்டையை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு ஒரு தெளிவு வந்தது. குறைந்த உயரத்தை எந்த டாக்டரும் இழுத்து நீட்ட முடியாது. அதற்காக இன்னொருவன் முட்டியை மடிக்கத் தேவையில்லை.

"அத்த எண்ணெய் காய்ச்சித் தருவா. வூட்டுக்கு வந்து தேச்சிக்கினு போ," என்றார். "முட்டிய மடிக்கற வேல இனிமே வாணாம்."

அன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஆசீர்வாதம் வருவது தெரிந்தது. அமல் மெல்லத் தூணுக்குப் பின்னால் போனான்.

"ஏம்பா அமலு, ஏன் ஒளியற? இங்க வா," என்றார். "நீ அளந்தது கரெக்ட்டு. எனக்கு உயரம் கொறஞ்சி போச்சி. மத்தபடி ஒண்ணும் கொறயல. வோணும்னா கரும்பு வெட்ட வா, பாக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"முன் வலது தோளுக்கு நீ வந்துடு. ராபினுக்கு மட்டமா இருப்ப. ஒன் பின் எடத்துக்கு ஆளு வோணும்." சுற்றிப் பார்த்தார். சாலையோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பந்தலின் கதி என்ன என்று தெரிந்துகொள்ள நின்றிருந்த செல்லமுத்துவைக் கண்டுபிடித்தார். "செல்லமுத்து! ஒன் பையன் சிவசங்கரு இன்னா உயரம்?"

"அமல் உயரம் இருப்பான். எதுக்கு?"

"பின் தோளுக்கு அவன அனுப்பு. ஒருசந்தி இருக்கச் சொல்லு."

செல்லமுத்து சைக்கிளை விட்டுவிட்டார். அது சாய்ந்து விழுந்தது. "நெசமாவா சொல்ற? எங்க தெருப் பையனயா?"

"சாஞ்சாதான் ஒன் தெருவுக்கு வருவாரா? நேரா நிமிந்து நின்னுக்கினே வருவாரு. ஒன் வூட்டுப் புள்ள தூக்கிக்கினு வரும்போது முக்குல யாரு திருப்புறது?" என்று சொல்லிவிட்டுச் சாமியாரைப் பார்த்தார். "நீங்க இன்னா சொல்றீங்க சாமி?"

சாமியார் இந்த முறையும் சிரித்தார். கூடவே தலையையும் ஆட்டினார்.

திருவிழா அன்று மத்தியானம்வரை வெயில் கொளுத்தியது. பிறகு மலைப்பக்கம் கறுத்து, காற்று ஒரு வீசு வீசி, மழை கொட்டித் தீர்த்தது. கீழத்தெருக் கோலங்கள் எல்லாக் கலரும் ஒன்றாகிச் சாக்கடைக்குப் போயின. சீரியல் பல்பு அணைந்தது, கரண்டும் போனது. செல்லமுத்து வானத்தைப் பார்த்துத் திட்டினார். கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. பெண்கள் துடைப்பத்தோடு இறங்கித் தண்ணீரைத் தள்ளிவிட்டு, ஈர மண்ணிலேயே மறுபடி கோலம் போட்டார்கள். வீட்டுக்கு வீடு மெழுகுவத்தி எரிந்தது.

பொழுது இறங்கும் வேளையில் சாமியாரின் மந்திரிப்பு முடிந்து சப்பரத்தைத் தூக்கினார்கள். ஆசீர்வாதம் கோயில் வாசலில் வெறும் தோளோடு நின்றார். வலித்தது. பொய் சொல்ல வேண்டியதில்லை, நன்றாகவே வலித்தது. அமல் தண்டுக்குள் தோளைக் கொடுத்தபோது இவருடைய தோள் தானாக ஒரு தடவை உயர்ந்து இறங்கியது. கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. முன்னால் கட்டிப் பார்த்தார், பின்னால் கட்டிப் பார்த்தார். பிறகு குறுக்குச் சந்து வழியாகக் கீழத்தெரு முக்குக்கு வேகமாக நடந்தார்.

அங்கே தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஆனந்தமேரி நின்றிருந்தாள். வருடா வருடம் அவள் நிற்கும் இடம் அது. அவர் வந்து பக்கத்தில் நின்றதும் ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

சப்பரம் முக்குத் திரும்பியது. ராபின் முட்டியை மடிக்காமல் நடந்தான். பின்னால் சிவசங்கர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். நான்கு தோளும் ஒரே மட்டம். மேலே சூசையப்பர் துளிகூடச் சாயாமல், கையில் குழந்தையோடு, மெழுகுவத்தி வெளிச்சத்துக்கு நடுவே நேராக வந்தார். மழையில் நனைந்த பூமாலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

ஆசீர்வாதம் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லாதான் இருக்குறாரு இல்ல?" என்றார்.

"யாரு?"

"சூசையப்பரு. தெருவுல இவரு இப்டி வர்றத நான் இப்பதான் மேரி பாக்கறன். அடியில நடந்தவனுக்கு ரோடுதான் தெரியும். நீ குடுத்து வெச்சவ. வருசா வருசம் இங்க நின்னு பாத்துக்கினு இருந்திருக்கற."

ஆனந்தமேரியும் சப்பரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நான் எங்க பாத்தன்? நீ கால் தடுக்காம வர்றியான்னு பாக்கறதுக்குள்ள அவரு தாண்டிப் பூடுவாரு," என்றாள். "நானும் இப்பதான்யா பாக்கறன்."